நீள மேசையில் வைத்தவை

“உன் விசுவாசம் பெரியது” என்று இன்னும் ஒருவர் வந்து சொன்னால், அவர் கொண்டுவந்த பாத்திரத்தை அவர் தலையிலேயே கவிழ்த்துவிடுவது என்று லினெட் கோர்ட்சன் முடிவு செய்திருந்தாள். செய்ய மாட்டாள்தான். க்ரூன்ஃபெல்ட் மெனோனைட் சபையில் யாரும் யார் தலையிலும் எதையும் கவிழ்த்ததில்லை. போருக்கு வா என்று ராஜாக்கள் கூப்பிட்டபோதே மூட்டை கட்டிக்கொண்டு நாடு மாறி நாடு வந்து, கடைசியில் கான்சாஸ் கோதுமை வயலில் இறங்கிய பரம்பரை அது. ஆனாலும் மனசுக்குள் கவிழ்த்துப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது.

ஹைத்தியில் பூமி நடுங்கிய நாளிலிருந்து அவள் வீட்டுக் கதவைச் சாப்பாடு தட்டிக்கொண்டே இருந்தது. நூடுல்ஸோடு வேகவைத்த கோழி, பன்றித்தொடையும் உருளைக்கிழங்கும், தயிர்க்கட்டி அடைத்த கொழுக்கட்டை. ஒவ்வொரு கண்ணாடித் தட்டின் அடியிலும் கொண்டுவந்தவர் பெயர் ஒட்டியிருக்கும். கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த ஊரில் பிள்ளை பிறந்தாலும் சாப்பாடு வரும், சாவு விழுந்தாலும் சாப்பாடு வரும். இது எதற்கு வந்த சாப்பாடு என்று கொண்டுவந்தவர்களுக்கே தெரியாது. அதனால் வாசலில் நின்று முழிப்பார்கள். சிரிப்பதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று புரியாமல், “உன் விசுவாசம் பெரியது” என்று சொல்லிவிட்டுப் பனியில் வழுக்காமல் கார் வரைக்கும் போவார்கள்.

அன்றைக்கு வந்தவள் எல்ஃப்ரீடா ஷ்மிட். சபையின் கீழ்த்தளத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் கூடிப் போர்வை தைக்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி. நல்லவள், ஆனால் அவள் நல்லது செய்யும் வேகத்தில் குறுக்கே நிற்பவர்கள் நசுங்கிப் போவார்கள்.

“சாப்பிடுறியா இல்லையா நீ? கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நிக்குது.”

“சாப்பிடுறேன் எல்ஃப்ரீடா.”

“இங்க இருக்கிற தட்டையெல்லாம் பாத்தா அப்படித் தெரியலையே. நேத்துகூட எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், அந்தப் பொண்ணோட விசுவாசம் இருக்கே...”

“காபி குடிக்கிறீங்களா?” என்று லினெட் வெட்டினாள். காபியை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: “கீழ ரெண்டு போர்வை வச்சிருந்தேன். ஓரம் தைக்கிறதுதான் பாக்கி. மஞ்சள் ஒண்ணு, நீலம் ஒண்ணு. அடுத்த வாரம் வந்து முடிச்சுடுறேன்.”

எல்ஃப்ரீடா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“எங்க வச்சிருந்த?”

“மேசையில.”

“எந்த மேசையில?”

கீழ்த்தளத்தில் இருந்தது இரண்டு மேசை. ஜன்னலோரச் சின்ன மேசையில் வைப்பது சொந்தச் சாமான். நடுவில் இருக்கும் நீள மேசையில் வைப்பது நிவாரணத்துக்கு. அதில் எது இருந்தாலும் யாரையும் கேட்காமல் மடித்து, அமுக்கி, பொதி கட்டிவிடுவார்கள். முப்பது வருஷமாக நடக்கும் வழக்கம். யுத்தம் நடக்கும் ஊருக்கும் வெள்ளம் வந்த ஊருக்கும் அங்கிருந்துதான் போர்வை போகும். ஒருமுறை ஆர்லின் புல்லர் தன் புது மேல்கோட்டை அதில் கழற்றி வைத்துவிட்டு மேலே காபி குடிக்கப் போனார்; அது எந்த நாட்டுக்குப் போனதோ. அன்றிலிருந்து அது சபையின் நிரந்தரச் சிரிப்பு.

“நீள மேசையிலதான் வச்சேன் போலிருக்கு,” என்றாள் லினெட்.

“ஓரம் தைக்கலையேன்னு நாங்களே தைச்சுட்டோம். வியாழக்கிழமை லாரி போயிடுச்சு. ஹைத்திக்கு.” எல்ஃப்ரீடா எழுந்து நின்றாள். “ஐயோ, அது அந்தப் பிள்ளைங்களுக்கா? பேரு கூடப் போடலையே நீ?”

“பேரு ஓரத்துலதான் போடுறது!” லினெட் கத்தினாள். இருபது வருஷ சபை வாழ்க்கையில் அவள் போட்ட முதல் சத்தம் அது. “ஓரம் தைக்கும்போதுதான் பேரு தைக்கணும்! அது என் கல்யாணப் பாவாடைத் துணி. நீலத்துல பூரா கேலனோட பழைய சட்டை. இன்னும் என் கையில வராத பிள்ளைங்களுக்கு நான் வச்சிருந்தது அது ரெண்டுதான்.”

எல்ஃப்ரீடா தான் கொண்டுவந்த தட்டையே மறதியாகத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த ஒரு தட்டாவது குறைந்தது.

குளிர்பெட்டிக் கதவில் இரண்டு படம் ஒட்டியிருந்தது. எட்டு வயது வித்லீன், கேமராவை நம்பாத பார்வையோடு. ஐந்து வயது ஜெஃப்தே, முன்பல் இரண்டும் இல்லாமல். அவர்களைத் தத்தெடுக்கக் காத்திருந்த லினெட்டும் அவள் கணவன் கேலனும் இரண்டு முறை ஹைத்திக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். இரண்டாம் முறை கிளம்பும்போது ஜெஃப்தே கேலனின் தொப்பியைப் பிடுங்கித் தலையில் போட்டுக்கொண்டு தரவே மாட்டேன் என்றான். தொப்பியில்லாத வெறுந்தலையோடு விமானம் ஏறிய கேலன், மூன்று வருஷக் காகித அலைச்சலில் ஒரு தடவைகூட அலுப்புக் காட்டியதில்லை. இப்போது கொட்டகையில் அடுக்குக் கட்டிலுக்கு ஏணி செய்துகொண்டிருந்தான். ஏற்கெனவே செய்த ஏணி செங்குத்தாக இருக்கிறது, சின்னவன் விழுவான் என்று இது இரண்டாவது ஏணி.

நிலநடுக்கத்தில் பிள்ளைகள் பிழைத்திருந்தார்கள். அவர்கள் இருந்த குழந்தைகள் இல்லத்தின் மதிலும் சமையல்கட்டும் விழுந்தன. தூங்கும் கூடம் நின்றது. அந்தச் செய்தி வந்து சேர்வதற்குள் லினெட்டின் ஆயுசில் பாதி போயிற்று. பிழைத்தது தெரிந்த பிறகு இன்னொரு செய்தி வந்தது. ஏற்கெனவே தத்துக் காகிதம் நகர்ந்திருக்கும் பிள்ளைகளை அமெரிக்க அரசாங்கம் சீக்கிரமே உள்ளே விடப் போகிறது என்று. சபையே துள்ளியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகிர்வு நேரத்தில்தான் அது நடந்தது. பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் ஒலிவாங்கி வரிசை வரிசையாகக் கைமாறும். அவரவர் சந்தோஷத்தையும் பாரத்தையும் சொல்லலாம். சந்தோஷம் என்றால் சபை “ஸ்தோத்திரம்” என்று சொல்லும். பாரம் என்றால் “கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேளும்” என்று சொல்லும். ஆர்லின் புல்லர் எழுந்தார். கோட்டு பறிபோன அதே ஆர்லின். மாட்டுப் பண்ணைக்காரர், ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர்.

“வருஷக்கணக்கா இழுத்தடிச்ச பேப்பர் இப்பப் பறக்குது பாருங்க. கர்த்தர் பூமியை அசைச்சுக் கதவைத் திறந்திருக்கார். ஆட்சேபம் சொல்லணும், குறுக்க நிக்கணும்னு அங்க இனிமே யாரும் மிச்சமில்ல. நம்ம லினெட்டோட விசுவாசத்துக்குக் கிடைச்ச பதில்!”

“ஸ்தோத்திரம்,” என்றது சபை. லினெட்டும் சொன்னாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. யாரும் மிச்சமில்லை என்றாரே, யார் அந்த யாரும்?

அவளுக்குத் தெரியும். கோப்பின் இரண்டாம் பக்கத்தில் பெயர் இருந்தது. வில்னோர். பிள்ளைகளின் தகப்பன். அம்மா பிரசவத்தில் செத்ததும் இரண்டையும் கொண்டுவந்து இல்லத்தில் விட்டவன், லெயோகான் பக்கம் கரும்பு வெட்டுபவன். லெயோகான் தரைமட்டம் என்று தொலைக்காட்சியில் காட்டியபோது லினெட் ஒலியைக் குறைத்தாள். பிள்ளைகளுக்காக ஜெபித்தாள், இல்லத்து ஆயாக்களுக்காக ஜெபித்தாள், இடிபாட்டில் தோண்டுபவர்களுக்காகவும் ஹைத்தி தேசம் முழுவதற்காகவும் ஜெபித்தாள். அந்த ஒருவன் பெயரை மட்டும் அவள் நாக்கு சுற்றிக்கொண்டு போனது. ஊரெல்லாம் மெச்சிய விசுவாசத்தின் அடியில் கிடந்தது அதுதான். அவன் வராமலிருக்க வேண்டும். அன்றிலிருந்து அவளால் ஜெபிக்க முடியவில்லை. கண்ணை மூடினால் தூக்கம்தான் வந்தது. தூக்கமும் முழுசாக வரவில்லை.

சனிக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. இல்லத்தை நடத்தும் மதாம் ஒதெத். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத பெண்மணி.

“மதாம் லினெட், ரெண்டு விஷயம். நல்லதை முதல்ல சொல்றேன். பிள்ளைங்க பேரு விமானத்துக்கு வந்துடுச்சு. வியாழக்கிழமை ஏறுறாங்க.”

லினெட் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “ரெண்டாவது?”

“வாசல்ல ஒரு ஆளு நிக்கிறான். முந்தாநாள்லேர்ந்து. அவங்க அப்பா.”

“உயிரோட இருக்காரா?”

“உயிர் இருக்கு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. நடந்தே வந்திருக்கான். ரெண்டாவது பொண்டாட்டியும் கைக்குழந்தையும் வீட்டுக்கு அடியில போயிட்டாங்க. பிள்ளைங்க பின்னாடி முற்றத்துல இருக்காங்க, இவனைப் பாக்கல. நான் விடல.”

“என்ன கேக்குறார்?”

“பிள்ளைங்க உயிரோட இருக்கான்னு கேட்டான். இருக்குன்னேன். அப்படியே மண்ணுல உக்காந்தான். அப்புறம் ஒண்ணும் கேக்கல. போகவும் இல்ல.” மதாம் ஒதெத் மூச்சு வாங்கினாள். அவளும்தான் எத்தனை நாளாகத் தூங்கவில்லையோ. “கையெழுத்து எப்பவோ போட்டுட்டான். சட்டப்படி இது உங்க பிள்ளைங்க. அவனை அனுப்பிடுங்கன்னு சொன்னா அனுப்பிடுறேன், பிள்ளைங்களுக்குத் தெரியவே வராது. உள்ள விட்டா, உள்ளதைச் சொல்றேன், வித்லீன் அப்புறம் அவனை விட்டுட்டு விமானம் ஏற மாட்டா. நானா முடிவு பண்ணினா ரெண்டு பக்கமும் எனக்குத் திருடின்னு பேரு வரும். சாயந்திரத்துக்குள்ள சொல்லுங்க.”

லினெட் கொட்டகைக்குப் போனாள். கேலன் ஏணிக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தூரிகையை நிறுத்தவில்லை.

“எங்க கூட்டிக்கிட்டுப் போவான் அந்தாளு? தார்ப்பாயாவது இருக்கா அவன்கிட்ட?”

“இல்லையாம்.”

“சோறு?”

“அதுவும் இல்ல.”

“அப்ப இதுல யோசிக்க என்ன இருக்கு? இங்க கட்டில் இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, டாக்டர் இருக்கார். பிள்ளைங்களுக்கு எது நல்லதுன்னு சின்னக் குழந்தைகூடச் சொல்லும்.”

“சோறு இல்லைன்னா சோறு அனுப்பலாம் கேலன். உலகம் பூரா மூட்டை மூட்டையா அனுப்புறோம். ஒரு அப்பனுக்கு அனுப்ப முடியாதா நமக்கு?”

“ஒரு பிள்ளைக்கு ரெண்டு அம்மா அடிச்சுக்கிட்ட சாலமோன் ராஜா கதையை மட்டும் எடுத்து என்கிட்ட விடாதே,” என்றான். “அங்க உண்மையான அம்மாவுக்குப் பிள்ளை திரும்பக் கிடைச்சுது. விட்டுக்கொடுத்தவ கைக்குத்தான் வந்துது. இங்க யாருக்குக் கிடைக்கும்?”

லினெட் பெயின்ட் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தாள்.

“நான் அந்த மனுசன் சாகணும்னு நினைச்சிருக்கேன். வாயால கேக்கல, அவ்வளவுதான். மத்த எல்லாத்தையும் கேட்டேனே, அவனை மட்டும் விட்டேனே, அதுக்கு வேற என்ன அர்த்தம்? நாளைக்கு வித்லீன் என் முகத்தைப் பாக்கிறப்போ இது எனக்குள்ள இருக்கும். நீ வேணாம்னா வேணாம்னே சொல்லிடுறேன். எனக்கு எதுத்து நிக்க பலம் இல்ல.”

கேலன் ஒரு படி முழுவதையும் பூசி முடித்தான். பிறகு தூரிகையை டப்பாவின் விளிம்பில் வைத்தான்.

“உள்ள விடுன்னு என் வாயால வராது. விடாதேன்னும் வராது. நீயே பேசு. ஆனா நாளைக்குச் சபையில நின்னு என்னை நல்லவன்னு மட்டும் சொல்லிடாதே. நான் நல்லவன் இல்ல. எனக்கு அந்தப் பிள்ளைங்க வேணும்.”

லினெட் வீட்டுக்கு வந்து எண்ணை அழுத்தினாள். “உள்ள விடுங்க மதாம்,” என்றாள். அதைச் சொல்ல ஒரு மூச்சுகூடப் பிடிக்கவில்லை. மதாம் ஒதெத் தொலைபேசியை வைக்காமல், கையில் பிடித்தபடியே நடந்தாள். செருப்புச் சத்தம், கம்பிக் கதவு இழுபடும் சத்தம், எங்கேயோ ஒரு சேவல். அதற்கப்புறம் ஒரு சிறுமி ஒரே சொல்லைச் சொல்லி வீறிட்டாள். லினெட்டுக்கு அந்த மொழி தெரியாது. அந்த ஒரு சொல்லுக்கு மொழி தெரிய வேண்டியதில்லை. இரண்டு முறை போய்வந்தும், எவ்வளவு பொம்மை கொடுத்தும், அந்தப் பெண்ணின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுத் தரையில் படுத்து அழுதாள். அடுப்பில் யாரோ கொடுத்த கொழுக்கட்டை தீய்ந்துபோன நாற்றம் வந்ததும் எழுந்து அடுப்பை அணைத்தாள்.

ஞாயிறு பகிர்வு நேரத்தில் ஒலிவாங்கி வந்தது. கேலன் பாட்டுப் புத்தகத்தையே வெறித்துக்கொண்டிருந்தான். லினெட் எழுந்தாள். எல்லா முகமும் மலர்ந்து திரும்பின; விமான விஷயம் எப்படியோ ஊருக்குள் கசிந்திருந்தது.

“பிள்ளைங்களோட அப்பா உயிரோட இருக்கார்,” என்றாள். “அவர் பேரு வில்னோர். நேத்து பிள்ளைங்ககிட்ட போய்ச் சேர்ந்துட்டார். பிள்ளைங்க இங்க வரல. என் விசுவாசத்தைப் பத்தி எல்லாரும் பேசுனீங்க. அந்த மனுசனுக்காக நான் ஒரு தடவைகூட ஜெபம் பண்ணல. நீங்களும் பண்ணல. ஆனாலும் வந்துட்டார்.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். சபை வாயைத் திறந்தது, மூடியது. ஸ்தோத்திரம் சொல்வதா, ஜெபத்தைக் கேளும் என்பதா? இருநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு போதகர் ரோஸைப் பார்த்தார்கள். ரோஸ் லினெட்டைப் பார்த்தார்.

“இது எந்தப் பக்கம், லினெட்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“எனக்கே தெரியல, ரோஸ். ரொம்பக் களைப்பா இருக்கு. நீங்களே ஏதாவது சொல்லிடுங்க.”

ரோஸ் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். ஆர்லின் புல்லர் மட்டும் முன்வரிசையில் குனிந்து கைக்குட்டைக்குள் அழுது குலுங்கிக்கொண்டிருந்தார். பிறகு யாரோ அடுத்த பாட்டை ஆரம்பித்தார்கள். எப்போதும் இசைந்தே பாடும் நான்கு குரல் வரிசையும் அன்றைக்குப் பார்த்து நான்கு பக்கம் போயின.

ஆராதனை முடிந்ததும் எல்ஃப்ரீடா அவள் கையைப் பிடித்துக் கீழ்த்தளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். நீள மேசையில் மஞ்சளும் நீலமும் இருந்தன.

“நேத்து பூரா நிவாரணக் கிடங்குலதான் கிடந்தேன்,” என்றாள். கண்கள் வீங்கியிருந்தன. “பொதி கப்பல் ஏறல. கட்டு கட்டாப் பிரிச்சுப் பாத்தேன். அங்க இருந்த பையன் என்னை விரட்டாத குறை. இங்க வச்சு உனக்குக் காட்டி சந்தோஷப்படுத்தணும்னு... மேல நீ பேசுனதைக் கேட்டதும் எங்கயாவது ஒளிச்சுடலாம்னு பாத்தேன். என்னை மன்னிச்சிடு. நான் எப்பவும் தப்பான நேரத்துலதான் வந்து நிக்கிறேன்.”

லினெட் நீலப் போர்வையைத் தடவினாள். கேலனின் சட்டைகள். ஒன்றில் டிராக்டர் எண்ணெய்க் கறை துவைத்தும் போகாமல் இருந்தது. திரும்பக் கிடைத்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோய் அந்த அடுக்குக் கட்டிலில் விரித்து வைத்து, தினமும் பார்த்துப் பார்த்து அழலாம். அவளுக்கு அப்படிச் செய்ய ஆசையாகத்தான் இருந்தது.

“ஊசியில நூல் கோத்துக் குடுங்க,” என்றாள். “ஓரத்துல பேரு தைக்கணும். அப்புறம் இங்கயே இருக்கட்டும். சாதாரணப் பொதியில வேணாம், மதாம் ஒதெத் பேருக்கே போகணும்.”

எல்ஃப்ரீடா மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஊசி தேடினாள். லினெட் அலமாரியிலிருந்து ஒட்டுத்துணியில் தைத்த மேல்விரிப்பு ஒன்றை, இருப்பதிலேயே பெரியதாக, இழுத்துக்கொண்டு வந்து போட்டாள். அடியில் துணி, நடுவில் பஞ்சு. நாலு பக்கமும் அளந்து வெட்ட வேண்டும்.

“இது யாருக்கு?” என்றாள் எல்ஃப்ரீடா.

“பிள்ளைங்க அப்பாவுக்கு. அவரும் தரையிலதானே படுக்கணும்.”

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கேலன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் இந்தக் கீழ்த்தளத்துக்குச் சாப்பிட மட்டுமே இறங்கியவன். கார்ச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு மேசையருகே வந்து நின்றான். இரண்டு சின்னப் போர்வைகளைப் பார்த்தான். நடுவில் கிடந்த பெரிய துணியைப் பார்த்தான். கிளம்பலாம் என்று சொல்லத்தான் வந்திருப்பான் என்று லினெட் நினைத்தாள்.

“அந்தாளு எவ்வளவு உசரம்?” என்று கேட்டான்.

“தெரியாது. யாரும் எழுதி வைக்கல.”

கேலன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மேல்கோட்டைக் கழற்றி, ஆர்லினின் கதி வந்துவிடக் கூடாது என்பதுபோல அதை ஜன்னலோர மேசையில் வைத்தான். பிறகு நீள மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, பூட்ஸ் துணியில் படாமல் காலைத் தூக்கி, அந்த விரிப்பின்மேல் மல்லாந்து படுத்தான்.

“என் அளவுக்கு வெட்டு,” என்றான், கூரையைப் பார்த்தபடி.

லினெட் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து அவன் தலைக்கு மேல் ஒரு கோடும் காலுக்குக் கீழ் ஒரு கோடும் போட்டாள்.